பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குக் கைப்பிடி வலு அளப்பது: எந்த முறை, எந்த அட்டவணை, வர்ற எண்ணை என்ன செய்யறது?

பனியன்நகர்_பிசியோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல பிசியோதெரபி கிளினிக் வச்சிருக்கேன். ஏற்றுமதி பண்ற ஒரு பின்னலாடை யூனிட்ல கூப்பிட்டிருக்காங்க. செக்கிங், கட்டிங், பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) மூணு பிரிவுலயும் வேலை செய்யறவங்களுக்குக் கைப்பிடி வலுவும் விரல்பிடி வலுவும் அளந்து தரணுமாம்.

பிரச்சினை உண்மையானதுதான். செக்கிங்ல பிசிறு வெட்டற பெண்கள் பல பேர் கட்டைவிரல் அடியில வலிக்குது, ராத்திரியில விரல் மரத்துப் போகுதுன்னு சொல்றாங்க. ஒரு அம்மா கட்டைவிரல் மூட்டுல பிளாஸ்திரி சுத்தி, அது மேல துணிக்கிழிசலை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் டிரிம்மர் (நூல் வெட்டற சின்னக் கத்திரி) பிடிக்கறாங்க. அவிழ்த்துப் பார்த்தா அந்த இடத்துல தோல் காய்ப்பு ஏறி, ஓரத்துல வெடிச்சிருக்கு. கட்டிங்ல லேயர் போட்ட துணியை ஒரு கையால அமுக்கிக்கிட்டு மெஷினைத் தள்றவங்களுக்கு முன்கையெல்லாம் இறுகிக் கிடக்குது.

ஆனா எச்.ஆர்.ல கேக்கறது வேற. "எத்தனை கிலோவுக்குக் கீழ இருந்தா வேலைக்கு எடுக்க வேண்டாம்னு ஒரு நம்பர் குடுங்க" அப்படிங்கறாங்க. எனக்கு அது சரியாப் படலை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி என் அளவு முறை கெட்டியா இருக்கணும். கையில ஒரு ஹைட்ராலிக் டைனமோமீட்டர் (பிடி வலு அளக்கற கருவி) இருக்கு, ஆன்லைன்ல வாங்கின எலக்ட்ரானிக் ஒண்ணும் இருக்கு. உட்கார வச்சா, நிக்க வச்சா? எத்தனை தடவை? சராசரியா, அதிகபட்சமா? நம்ம ஆளுங்களுக்கு எந்த அட்டவணை பொருந்தும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கைசிகிச்சை_கோவை எழுதியது:

தம்பி, முறையை முதல்ல பாத்துடுவோம். கருவி அடுத்தது.

அமெரிக்கக் கை சிகிச்சையாளர் சங்கம் 1981ல பரிந்துரைச்ச நிலைதான் இன்னைக்கும் அடிப்படை. நாற்காலியில உட்கார்ந்து ரெண்டு பாதமும் தரையில பதியணும். தோள் உடம்போட ஒட்டி இருக்கணும். முழங்கை 90 டிகிரி. முன்கை நடுநிலையில, அதாவது கட்டைவிரல் மேல பாத்திருக்கணும். மணிக்கட்டு 0 முதல் 30 டிகிரி வரை பின்பக்கமா நிமிரலாம், சுண்டுவிரல் பக்கமா 15 டிகிரி வரை சாயலாம். அதுக்கு மேல போகக் கூடாது. செக்கிங் டேபிள் பக்கத்துல இருக்கற உயர ஸ்டூல்ல உட்கார வச்சு அளக்காதீங்க. கால் தொங்கினா உடம்பு ஆடும், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி ஈடு கட்டுவாங்க.

ரொம்பக் கவனிக்க வேண்டியது மணிக்கட்டு. பலமா அழுத்தும்போது பல பேருக்கு அது உள்பக்கமா மடங்கிடும். மடங்கினா விரலை மடக்கற தசைநார்கள் தொய்ஞ்சு போய் வலு இறங்கிடும். ஜனங்களைத் தாங்களாவே வசதியாப் பிடிக்கச் சொன்னா மணிக்கட்டு ஏறக்குறைய 35 டிகிரி நிமிர்ந்த நிலைக்குப் போகுதுன்னு 1992ல ஒரு ஆய்வு காட்டியிருக்கு. அந்த நிலையை விட்டு விலகினா வலு கணிசமாக் குறையுது. அதனால முள்ளைப் பாக்காதீங்க, மணிக்கட்டைப் பாருங்க. முள் அதிகபட்சத்துல தானா நின்னுக்கும், அப்புறம் படிச்சுக்கலாம்.

நீங்க கருவியோட அடிப்பாகத்தை லேசா தாங்கிக்குங்க. எடை அவங்க கையில இறங்கக் கூடாது, அதே சமயம் நீங்க பிடிச்சு நிறுத்தவும் கூடாது. கண்ணாடி வளையல் போட்டிருந்தா மேல ஏத்திக்கச் சொல்லுங்க, மோதிரத்தைக் கழட்டச் சொல்லுங்க. முகப்பு உங்க பக்கம் திரும்பியிருக்கட்டும். எண்ணைப் பாத்தாங்கன்னா அடுத்த தடவை அதோட போட்டி போடுவாங்க.

சொல்ற வார்த்தையும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். நான் "அழுத்துங்க... நல்லா அழுத்துங்க... இன்னும், இன்னும்... விடுங்க"ன்னு ஒரே குரல்ல சொல்வேன். ஒருத்தருக்குக் கத்தி உற்சாகப்படுத்தி, அடுத்தவருக்கு மெதுவாச் சொன்னா, வித்தியாசம் கையில இருக்காது, உங்க குரல்ல இருக்கும். மூச்சை அடக்க விடாதீங்க, அதுவும் ரத்த அழுத்தம் உள்ளவங்களை. ஒவ்வொரு கைக்கும் மூணு தடவை, நடுவுல இளைப்பாற விட்டு, வலது இடதுன்னு மாத்தி மாத்தி எடுங்க.

சமூகமருத்துவம்_மதுரை எழுதியது:

மேலே சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மூன்று அளவின் சராசரியை எடுப்பது கை சிகிச்சையாளர்களின் வழக்கம். முதியோர் மருத்துவத்தில் பரவலாக இருக்கும் 2011ஆம் ஆண்டின் சவுத்தாம்ப்டன் முறை வேறு. அதில் கையை நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்து, ஒவ்வொரு கைக்கும் மூன்று என ஆறு அளவு எடுத்து, அவற்றில் மிக உயர்ந்ததை எழுதுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. எந்த அட்டவணையோடு ஒப்பிடப் போகிறீர்களோ, அந்த அட்டவணை எப்படி எடுக்கப்பட்டதோ அப்படித்தான் நீங்களும் எடுக்க வேண்டும்.

அட்டவணைகளைப் பற்றி. பாடப் புத்தகங்களில் மறுபடி மறுபடி வரும் அட்டவணை மேத்தியோவெட்ஸ் குழுவினர் 1985ல் வெளியிட்டது. 20 முதல் 94 வயது வரையிலான 310 ஆண்கள், 328 பெண்கள். எல்லோரும் அமெரிக்காவில் மில்வாக்கி சுற்றுவட்டாரத்து மக்கள். 20-24 வயது ஆண்களின் வலது கைச் சராசரி 121 பவுண்டு, ஏறத்தாழ 55 கிலோ. அதே வயதுப் பெண்களுக்கு 70 பவுண்டு, அதாவது 32 கிலோ. இதைக் கொண்டுபோய்த் திருப்பூர்ச் செக்கிங் பெண்களின் பக்கத்தில் வைத்தால் பாதிப் பேரை "பலவீனம்" என்று எழுதிவிடுவீர்கள். 2015ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ப்யூர் ஆய்வு 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை அளந்தது. அதைத் தொடர்ந்து அதே குழு வெளியிட்ட அட்டவணைகளில் தெற்காசியர்களின் அளவு ஐரோப்பியர், வட அமெரிக்கர் அளவைவிடத் தெளிவாகக் குறைவு. உயரம், எடை, சிறுவயது ஊட்டம் எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

எச்.ஆர். கேட்கும் எண்ணுக்கு இணையத்தில் தேடினால் 28 கிலோ, 18 கிலோ என்ற இரண்டு எண்கள் கண்ணில் படும். ஆசிய சார்க்கோபீனியா குழு 2019ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வைத்த வரம்பு அது. முதுமையில் தசை கரைவதைக் கண்டுபிடிக்க வைத்தது. ஐரோப்பியக் குழுவின் வரம்பு 27, 16. இவற்றுக்கும் ஒருவர் டிரிம்மர் பிடிக்கலாமா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை எழுத்திலேயே கொடுங்கள்.

ஓசூர்_சேஃப்டி எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, தொழிற்சாலைப் பாதுகாப்பு. ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, உங்க ரெண்டு கருவியையும் நம்பறதுக்கு முன்னாடி எடை தொங்க விட்டுப் பாருங்க. கருவியை ஒரு ஸ்டாண்டுல கெட்டியாக் கட்டி, கைப்பிடியோட நட்டநடுவுல பட்டையான பெல்ட் மாட்டி, சரிபார்த்த எடைக்கல்லை 5, 10, 20, 30 கிலோன்னு ஏத்துங்க. ஒவ்வொண்ணுக்கும் என்ன காட்டுதுன்னு எழுதுங்க. அப்புறம் இறக்கும்போதும் எழுதுங்க. பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்தா அளவு மாறுதான்னும் பாருங்க. ஹைட்ராலிக்ல எண்ணெய் கசிஞ்சா கைப்பிடி தொய்வா இருக்கும், சின்ன எடையில சரியாக் காட்டாது. கீழ விழுந்த கருவியைச் சோதிக்காம மறுபடி பயன்படுத்தவே கூடாது.

எலக்ட்ரானிக் கருவி 23.4ன்னு புள்ளிக்கு அப்புறமும் காட்டும். ஹைட்ராலிக் முகப்புல 2 கிலோவுக்கு ஒரு கோடுதான். அதுக்காக எலக்ட்ரானிக் துல்லியம்னு அர்த்தம் இல்லை. ஆரம்பத்துல ஒரு கருவியில, ஆறு மாசம் கழிச்சு வேற கருவியில அளந்தீங்கன்னா மாறினது கையா கருவியான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அதையே வச்சுக்குங்க.

ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஆளை அளக்கறீங்க சரி, வேலையை அளந்தீங்களா? ஒரு வேலை 6 கிலோ பிடி கேக்குதுன்னு வச்சுக்குவோம். 40 கிலோ வலு உள்ளவருக்கு அது 15 சதவீதம். 20 கிலோ உள்ளவருக்கு அதே வேலை 30 சதவீதம். ஜெர்மனியில ரோமெர்ட் 1960லேயே காட்டினது என்னன்னா, உச்ச வலுவுல 15 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து பிடிச்சா தசை சீக்கிரம் சோர்ந்துடும். அதுக்குக் கீழயும் நேரம் போகப் போகச் சோர்வு வரும்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டின. மூரும் கார்க்கும் 1995ல கொண்டுவந்த ஸ்ட்ரெயின் இண்டெக்ஸ்ல (ஒரு வேலை கையை எவ்வளவு பாதிக்கும்னு மதிப்பிடற கணக்கு) வலுவோட விகிதம் ஆறு காரணிகள்ல ஒண்ணு. மிச்சம் எவ்வளவு நேரம் அழுத்தம் நிக்குது, நிமிஷத்துக்கு எத்தனை தடவை, மணிக்கட்டு எந்த நிலையில, வேகம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். இதுல எல்லாம் ஆளோட வலு ஒண்ணுதான் கம்பெனி கையில இல்லாதது. மத்த எல்லாத்தையும் மாத்தலாம்.

பனியன்நகர்_பிசியோ எழுதியது:

சார், டிரிம்மர் எவ்வளவு விசை கேக்குதுன்னு எப்படி அளக்கறது? அதுக்குன்னு சென்சார் வாங்கற நிலைமையில கம்பெனி இல்லீங்க.

ஓசூர்_சேஃப்டி எழுதியது:

சமையல்கட்டு டிஜிட்டல் தராசு போதும். தராசுத் தட்டுல ஒரு மரக்கட்டை வைங்க. டிரிம்மரோட கீழ்க்கை மட்டும் கட்டை மேல படியற மாதிரி வச்சு பூஜ்ஜியம் பண்ணிக்குங்க. வேலை செய்யும்போது கட்டைவிரல் எந்த இடத்துல படுமோ அதே இடத்துல மேல்கையை மெதுவா அமுக்கி, ரெண்டு அலகும் (வெட்டற முனைகள்) முழுசா மூடற கணத்துல தராசு காட்டறதை எழுதுங்க. அப்புறம் நடுவுல நூலை வச்சு ஒரு தடவை. புது டிரிம்மர், முனை மழுங்கினது, ஸ்பிரிங் கெட்டியானது எல்லாத்தையும் இப்படிப் பண்ணுங்க. உதாரணத்துக்கு, வெறும் அலகுக்கு 600 கிராம், மழுங்கின அலகுல நூலோட 1,200 கிராம்னு வந்தா, 5 கிலோ விரல்பிடி உள்ள ஒரு பெண்ணுக்கு 12 சதவீத வேலையை நாம 24 சதவீதம் ஆக்கி வச்சிருக்கோம்னு அர்த்தம். ஆளை மாத்தறதுக்கு முன்னாடி அலகை மாத்தணும்.

செக்கிங்_அக்கா எழுதியது:

படிச்சுக்கிட்டே வந்தேன். நானும் திருப்பூர்தான், செக்கிங்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப சங்கத்துல இருக்கேன். நீங்க எல்லாம் பேசற டிரிம்மர் வேலை எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன்.

பீஸ் டேபிள் மேல விழும். உள்பக்கம் திருப்பி, சைடு ஓவர்லாக் தையலை மேலிருந்து கீழ விரல் வச்சு ஓட்டிக்கிட்டே வருவோம். நூல் வால் தட்டுப்பட்டா இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைக் கிள்ளி இழுக்கும், வலதுல டிரிம்மர் ஒரு வெட்டு. அக்குள் முடிச்சு, கழுத்துப் பட்டி, கை மடிப்பு, கீழ் மடிப்புன்னு ஒரு டீ சர்ட்டுக்குப் பத்துப் பன்னெண்டு வெட்டு குறையாது. வலி வலதுலதான்னு நினைக்காதீங்க. இழுத்துப் பிடிக்கற இடது கட்டைவிரல்தான் பல பேருக்கு முதல்ல போகுது. ரெண்டு கையையும் அளங்க, ரெண்டு கைக்கும் விரல்பிடி அளங்க.

இன்னொண்ணு. மெஷினைக் கொண்டுவந்து "அழுத்துங்க"ன்னு சொன்னா, எங்க ஆளுங்க மனசுல ஓடறது ஒண்ணே ஒண்ணுதான்: கம்மியா வந்தா நாளைக்கு வேலை இருக்குமா? வலி இருக்கறவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்துவாங்க, வலியே இல்லைன்னும் சொல்லுவாங்க. ராத்திரி கையை உதறிக்கிட்டுத் தூங்காம இருந்தவங்க காலையில உங்ககிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லுவாங்க. எண் யார் கைக்குப் போகும்னு அளக்கறதுக்கு முன்னாடி எங்க முன்னால பேசணும், சூப்பர்வைசர் இல்லாத இடத்துல அளக்கணும். எங்களுக்குச் சொல்லாம எச்.ஆர். மேஜைக்குப் போற எண் எங்களுக்கு வேண்டாம்.

எப்ப அளப்பீங்க? ஷிப்ட் ஆரம்பத்துலயா, ஓவர்டைம் முடிஞ்சா? ஷிப்மென்ட் நெருக்கற வாரத்துல கை இருக்கற நிலைமையும் ஆர்டர் இல்லாத மாசத்துல இருக்கற நிலைமையும் ஒண்ணு இல்லைங்க.

கைசிகிச்சை_கோவை எழுதியது:

அக்கா சொன்ன இடது கை விஷயம் பொன்னு. நான் விரல்பிடி பத்தி எழுதலாம்னு இருந்தேன், இப்ப அதுல இருந்தே தொடங்கறேன்.

விரல்பிடி ஒண்ணு இல்லை, மூணு. ஆள்காட்டி விரல் நுனியும் கட்டைவிரல் நுனியும் சேர்றது ஒண்ணு, நூல் கிள்றது இது. மடிச்ச ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுல கட்டைவிரல் பதியறது, பூட்டுல சாவி திருப்பற பிடி, ரெண்டாவது. ஆள்காட்டி, நடுவிரல் ரெண்டோட கட்டைவிரல் சேர்றது மூணாவது. பொதுவா சாவிப்பிடியும் மூவிரல் பிடியும் பக்கத்துப் பக்கத்துல வரும், நுனிப்பிடி ரெண்டையும் விடக் கம்மியா இருக்கும். மூணையும் தனித்தனியா எழுதணும், "பிஞ்ச் 5 கிலோ"ன்னு ஒரே எண்ணா எழுதிட்டா அப்புறம் அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

விரல்பிடி அளக்கற கேஜை நீங்க முன்பக்கம் தாங்கிப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா அது சுழலும். நுனிப்பிடியில மத்த விரல்களை உள்ள மடக்கி ஒட்டுக் குடுக்கறவங்க உண்டு, சாவிப்பிடியில ஆள்காட்டி விரலை நிமிர்த்திடறவங்க உண்டு. நீங்க ஒரு முறையை வச்சுக்கிட்டு எல்லாரையும் அதுலயே நிறுத்துங்க.

எந்தப் பிடி குறையுதுங்கறது எந்த நரம்புன்னு காட்டிக் குடுக்கும். சாவிப்பிடியில வேலை செய்யற தசைகளுக்கு அல்னார் நரம்பு (சுண்டுவிரல் பக்கமா ஓடற நரம்பு) போகுது. அது பாதிச்சா, ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிக்கச் சொல்லி இழுத்தீங்கன்னா கட்டைவிரல் நுனி மூட்டு மடங்கும். ஃப்ரோமென்ட் அடையாளம்னு படிச்சிருப்பீங்க. ராத்திரி மரத்துப் போகுதுன்னு சொல்றவங்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுல மீடியன் நரம்பு (மணிக்கட்டு நடுவுல ஓடற நரம்பு) நெருக்கம். அதுல முதல்ல போறது உணர்ச்சி, வலு ரொம்பக் கடைசியிலதான் குறையும். அதனால எண் நல்லா இருக்குன்னு அவங்களை அனுப்பிடாதீங்க. விரல் நுனியில உணர்ச்சி பாருங்க.

கொல்லிமலையில பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946ல வந்து, 1948ல இருந்து தொழுநோயால மடங்கின விரல்களுக்குத் தசைநார் மாத்தி வைக்கற அறுவை சிகிச்சை பண்ணினார். அல்னார் நரம்பு போன கையில சோத்தைக் கூட ஒழுங்காப் பிசைஞ்சு எடுக்க முடியாது, கருவி பிடிக்க முடியாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர வச்சா ஒரு மனுஷனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்னு உலகத்துக்குக் காட்டின இடம் நம்ம ஊர்தான்.

அந்தப் பிளாஸ்திரி சுத்தின அம்மாவைப் பத்தி. கூனி (Cooney), சாவோ (Chao)ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1977ல கணக்குப் போட்டாங்க: விரல் நுனியில 1 கிலோ அழுத்தினா, கட்டைவிரல் அடி மூட்டுல ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் விழுது. ஓசூர் சார் சொன்ன 1,200 கிராம் டிரிம்மரை இதுல போட்டுப் பாருங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தச் சின்ன மூட்டுல 14 கிலோ.

மதிப்பீட்டு_டாக்டர் எழுதியது:

நான் தொழில்சார் ஊனமுற்றோர் மதிப்பீட்டில் பல காலம் இருந்தவன். இங்கே யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். ஒருவர் முழு முயற்சியோடு அழுத்துகிறாரா என்று எப்படித் தெரியும்? இழப்பீடு கேட்டு வருபவர்களில் சிலர் வேண்டுமென்றே குறைவாக அழுத்துவார்கள். ஹைட்ராலிக் கருவியில் ஐந்து கைப்பிடி நிலைகள் (பிடியின் அகலத்தை மாற்றும் இடங்கள்) உண்டு. ஐந்திலும் அளந்து வரைந்தால் உண்மையாக அழுத்துபவருக்கு நடுவில் உயர்ந்து ஓரங்களில் இறங்கும் வளைவு வரும். நடிப்பவருக்கு ஏறக்குறைய தட்டையாக வரும். கைகளை வேகமாக மாற்றி மாற்றி அழுத்த வைக்கும் முறையும் உண்டு. மூன்று அளவுக்கு நடுவில் மாறுபாட்டுக் கெழு 15 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படலாம் என்பதும் வழக்கம். உங்கள் திட்டத்தில் இவற்றைச் சேர்ப்பது நல்லது.

கைசிகிச்சை_கோவை எழுதியது:

டாக்டர், உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா இதை நான் ஏத்துக்க மாட்டேன், காரணத்தோட சொல்றேன்.

மாறுபாட்டுக் கெழுன்னா விலகலைச் சராசரியால வகுக்கறது. 40 கிலோ அழுத்தறவருக்கு விலகல் 1.5 கிலோன்னா கெழு 4 சதவீதத்துக்கும் கம்மி. வலியால 8 கிலோதான் அழுத்த முடியறவங்களுக்கு அதே 1.5 கிலோ விலகல் 19 சதவீதம் ஆயிடும். விலகல் ஒண்ணுதான், ஆனா முதல் ஆள் நேர்மை, ரெண்டாவது ஆள் நடிப்புன்னு கணக்கு சொல்லும். பாதிக்கப்பட்ட கையைத்தான் இந்தக் கணக்கு முதல்ல குற்றவாளி ஆக்குது.

ஐந்து நிலைச் சோதனையும் அப்படித்தான். கை ரொம்ப வலுவிழந்து போனா உண்மையா அழுத்தினாலே வளைவு தட்டை ஆகும். வலிக்குப் பயந்து முன்கூட்டியே விடறவங்களுக்கும் தட்டைதான். முயற்சி முழுசா இல்லைங்கறதை ஒருவேளை கண்டுபிடிக்கலாம். ஏன் முழுசா இல்லைங்கறதை முள் சொல்லாது. அதை வச்சு ஒரு ஆளோட இழப்பீட்டை நிறுத்தறது நியாயமே இல்லை.

மதிப்பீட்டு_டாக்டர் எழுதியது:

கெழுவைப் பற்றிச் சொன்னது சரியான கணக்கு. மிகக் குறைந்த அளவுகளில் அதை நம்பக் கூடாது என்பதை ஏற்கிறேன். வளைவைப் பொறுத்தவரை, அது ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பதே என் நிலை. இந்தத் திட்டத்தில் இழப்பீடு என்ற பேச்சே இல்லாததால் விட்டுவிடலாம்.

சமூகமருத்துவம்_மதுரை எழுதியது:

அந்த அக்கா கேட்ட நேரக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அது நல்ல கேள்வி. ஓய்வாக இருப்பவர்களுக்குப் பிடி வலு காலையில் சற்றுக் குறைவாகவும் பிற்பகலில், மாலையில் கூடுதலாகவும் இருக்கும். உடல் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே ஷிப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, மாலை அளவு இறங்கியிருந்தால், இயல்பாக ஏற வேண்டிய நேரத்தில் அது இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த வீழ்ச்சி எந்த அட்டவணையையும்விட வேலையைப் பற்றி அதிகம் சொல்லும். பிரிவு வாரியாக அதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே ஆளை மாதங்கள் இடைவெளியில் அளக்கும்போது சிறு மாற்றங்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 5 முதல் 6.5 கிலோ வரையாவது மாறினால்தான் பொருளுள்ள மாற்றம் என்று 2019ல் வந்த தொகுப்பு ஒன்று சொல்கிறது. ஆனால் 15 கிலோ மட்டுமே அழுத்தும் பெண்ணுக்கு 5 கிலோ என்பது மூன்றில் ஒரு பங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. பிடி வலு கையை மட்டும் காட்டுவதில்லை. ப்யூர் ஆய்வில் 5 கிலோ குறைவுக்கு மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. மேல் ரத்த அழுத்தத்தைவிட அது நெருக்கமாக முன்னறிவித்தது. வலு குறைந்ததால் இறக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் மொத்த நிலையைக் கை காட்டுகிறது. ஒரு பெண்ணுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல் மிகக் குறைவாக இருந்தால், வலியும் இல்லை என்றால், நரம்பைத் தேடுவதற்கு முன் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை பாருங்கள். காலையில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மருந்தகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

பனியன்நகர்_பிசியோ எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. கம்பெனியில பேசிட்டு வந்தேன், நடந்ததை எழுதறேன்.

வேலைக்கு எடுக்கறதுக்கான நம்பர் தர மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். மதுரை டாக்டர் சொன்ன காரணத்தையே போட்டேன்: இருக்கற வரம்பெல்லாம் முதுமை நோய்க்கானது. ஆளோட எண் ஆளுக்கு மட்டும், கம்பெனிக்குப் பிரிவு வாரியான சராசரியும் மாலை வீழ்ச்சியும் மட்டும். எச்.ஆர்.க்கு முகம் சுருங்கிச்சு. ஆனா புரொடக்ஷன் மேனேஜர் தராசு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டார். அவர் முன்னாடியே ஸ்டோர்ல இருந்து நாலு டிரிம்மர் எடுத்து அமுக்கிப் பாத்தோம். ஒரே டப்பாவுல இருந்த புது டிரிம்மர்களுக்கு நடுவுலயே அவ்வளவு வித்தியாசம். வாங்கும்போதே எந்த ஸ்பிரிங்குன்னு பாக்கறதில்லைன்னு அவரே சொன்னார்.

அளவை கேன்டீன் பக்கத்துல இருக்கற க்ரெஷ் ரூம்ல வச்சிருக்கோம், சாயங்காலம் குழந்தைங்க போனப்புறம். காலையில ஷிப்ட் ஏறும் முன்னாடியும் அங்கயேதான். சூப்பர்வைசர் யாரும் வர மாட்டாங்க. ஹைட்ராலிக் மட்டும்தான் பயன்படுத்தப் போறேன். எடை தொங்க விட்டதுல அது சரியா நின்னுச்சு, எலக்ட்ரானிக் 20 கிலோவுக்கு மேல தள்ளித் தள்ளிக் காட்டுச்சு.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டாவது கைப்பிடி நிலை பல பேருக்குச் சரியா இருக்கு. ஆனா கை ரொம்பச் சின்னதா இருக்கற சில பெண்களுக்கு விரல் நடுக்கணு கைப்பிடியைச் சுத்தி வர மாட்டேங்குது. முதல் நிலைக்கு மாத்தலாமுங்களா?

கைசிகிச்சை_கோவை எழுதியது:

அட்டவணையோட ஒப்பிடறதா இருந்தா இரண்டாவதுலயே நிக்கணும், அட்டவணை எல்லாம் அதுலதான் எடுத்தது. நீங்க ஒப்பிடப் போறது அவங்களை அவங்களோடயேதான். அதனால பிடிக்க வசதியா இருக்கற நிலையை வைங்க, ஆனா எந்த நிலைன்னு படிவத்துல எழுதிடுங்க. அடுத்த தடவை அதே நிலையில அளங்க. பிரிவுச் சராசரி போடும்போது முதல் நிலைக்காரங்களைத் தனியாப் போடுங்க. உள்ளங்கை நீளத்தையும் ஒரு டேப் வச்சு அளந்து எழுதிட்டா பின்னாடி உதவும்.

இடக்கை_டெய்லர் எழுதியது:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் இடக்கைக்காரன், பவர் டேபிள்ல பேட்லாக் மெஷின் ஓட்டறேன். முன்னாடி ஒரு கேம்ப்ல அளந்தப்ப "உங்க வலது கை இடது கைக்குச் சமமா இருக்கு, இடது கைக்காரருக்கு இடது பத்து சதவீதம் கூட இருக்கணும், இடதுல ஏதோ குறை"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைல இருந்து மனசுல இருக்கு. உண்மைங்களா?

கைசிகிச்சை_கோவை எழுதியது:

இல்லைங்க, கவலைப்படாதீங்க. பழகின கை பத்து சதவீதம் வலுவா இருக்கும்ங்கறது வலக்கைக்காரங்களுக்குத்தான் பொருந்தும். 1989ல பீட்டர்சன் குழு அளந்ததுல வலக்கைக்காரங்களுக்கு 12.7 சதவீத வித்தியாசம் வந்துச்சு, இடக்கைக்காரங்களுக்கு ரெண்டு கையும் ஏறக்குறைய சமம். கத்திரியில இருந்து மெஷின் வரைக்கும் எல்லாம் வலக்கைக்குச் செஞ்சிருக்கறதால உங்க வலதும் உழைச்சிருக்கு. வலி, மரத்துப் போறது, பிடிச்சது நழுவறது எதுவும் இல்லைன்னா உங்க இடது கை நல்லாத்தான் இருக்கு.

தம்பி, உங்க படிவத்துல எந்தக் கைப் பழக்கம்னு ஒரு கட்டம் சேர்த்துக்குங்க. எழுதற கை எது, டிரிம்மர் பிடிக்கற கை எதுன்னு ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க. பள்ளிக்கூடத்துல கட்டாயப்படுத்தி வலதுக்கு மாத்தினவங்க இன்னும் நிறையப் பேர் வேலையில இருக்காங்க.

செக்கிங்_அக்கா எழுதியது:

தம்பி, முதல் நாள் நான் வர்றேன். நான் முதல்ல அளந்துக்கிட்டு என் எண்ணை எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன், அப்பத்தான் மத்தவங்களுக்குப் பயம் போகும். அந்தப் பிளாஸ்திரி சுத்தற அம்மாவைக் கடைசியில அளங்க, கூட்டம் போனப்புறம். வலிக்கறப்ப நிறுத்திடலாம்னு அவங்களுக்கு முதல்லயே சொல்லிடுங்க. டிரிம்மர் புதுசு வந்ததும் முதல்ல அவங்களுக்குத்தான் போகணும்னு மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்.